லண்டன் வெஸ்லி சேப்பல்: பாய்மரத் தூண்களை எடுத்தது சரியா?

செங்கல்_சுண்ணாம்பு:

லண்டன் சிட்டி ரோட்டில் இருக்கிற வெஸ்லி சேப்பல் என்ற கிறிஸ்தவ ஆலயத்தில், மேல்மாடத்தைத் தாங்கிய தூண்கள் முதலில் கப்பல் பாய்மரங்களாக இருந்தன. டெட்ஃபோர்டு அரச கப்பல் துறையிலிருந்து மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்தவை. மெத்தடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இறந்த நூற்றாண்டு 1891-இல் வந்தபோது அவற்றை அகற்றிவிட்டு ஜாஸ்பர் கல்லில் புதுத் தூண்களை நிறுத்தினார்கள். அது சரியா என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியில்லை. அந்தக் கட்டடம் எதற்காக அப்படிக் கட்டப்பட்டதோ, அந்தக் காரணத்தையே கல் தூண்கள் மறைத்துவிட்டன.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 1739-இல் வெஸ்லி லண்டனில் கூட்டம் நடத்த இடம் தேடியபோது கிடைத்தது ஒரு பழைய பீரங்கி வார்ப்புச் சாலை. 1716-இல் அங்கே வெடிவிபத்து நடந்தபின் பாழாகக் கிடந்தது. 115 பவுண்டுக்கு வாங்கினார்கள். பழுதுபார்த்து முடிக்க ஏறக்குறைய 800 பவுண்டு ஆனது. ஃபவுண்டரி (வார்ப்புச் சாலை) என்ற பெயரிலேயே அது கிட்டத்தட்ட நாற்பது வருடம் லண்டன் மெத்தடிஸ்டுகளின் தலைமையிடமாக இருந்தது. சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். யாருக்கும் தனி இடம் கிடையாது.

அது தாங்காது என்று ஆனபின், 1776 ஆகஸ்டில் புதுக் கட்டடத்துக்கு நிதி திரட்டத் தொடங்கினார்கள். முதல் மூன்று கூட்டங்களிலேயே ஆயிரம் பவுண்டுக்கு மேல் வாக்களிக்கப்பட்டது என்று வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1777 ஏப்ரல் 21-இல் அடிக்கல். அன்று நல்ல மழை. வர நினைத்த ஆயிரக்கணக்கானவர்களை மழை தடுத்தது தங்களுக்கு உதவியாக இருந்தது என்கிறார். 1778 நவம்பர் 1-இல் திறப்பு. வடிவமைத்தவர் ஜார்ஜ் டான்ஸ் இளையவர், லண்டன் நகரத்தின் அதிகாரபூர்வக் கட்டடக் கலைஞர், நியூகேட் சிறைச்சாலையை வடிவமைத்தவரும் அவரே. கட்டி முடித்தவர் சாமுவேல் டூத், வெஸ்லியின் சங்கத்தைச் சேர்ந்தவர்.

திறந்த நாளில் வெஸ்லி எழுதியது ஒரே வரி: கட்டடம் மிக நேர்த்தியாக இருக்கிறது, பகட்டாக இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடுதான் எனக்கு முக்கியம். செங்கல் சுவர், ஏற்றி இறக்கும் சட்டச் சன்னல், உள்ளே மூன்று பக்கம் மாடம், மாடத்துக்குக் கீழே கப்பல் மரம். கப்பல் மரம் ஒரு கட்டுமானப் பொருள், அவ்வளவுதான். நீளமாக, நேராக, மெலிசாக இருக்கும். பின்னால் உட்கார்ந்தவனின் பார்வையை மறைக்காது. வேலை முடிந்தது. அதை எடுத்துவிட்டு மெருகேற்றிய கல்லை வைத்தால், கண் பிரசங்கியாரை விட்டுத் தூணுக்குப் போகும்.

லண்டன்_கிழக்கு:

இந்தச் சேப்பலுக்குப் பக்கத்தில், ஓல்டு ஸ்ட்ரீட் அருகேதான் வேலை பார்க்கிறேன். அடிக்கடி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடியும்.

முதலில், படிப்பவர்களுக்கு இடம் கண்ணில் விழ வேண்டும். சாலையிலிருந்து கொஞ்சம் உள்வாங்கி, முன்னால் ஒரு முற்றம். முற்றத்தில் வெஸ்லியின் வெண்கலச் சிலை, அதுவும் 1891-இல் வைத்ததுதான். பக்கத்தில் அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு, 1779-இல் கட்டியது. மங்கிய மஞ்சள் நிற லண்டன் செங்கல். முகப்பில் தூண்கள் வைத்த வாயில் மண்டபம் பிற்காலத்தில் சேர்த்தது. சாலையைக் கடந்தால் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டம். வெஸ்லியின் தாய் சூசன்னா, ஜான் பனியன், டேனியல் டீஃபோ, வில்லியம் பிளேக் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குக்குள் அடங்காத மனிதர்களை அடக்கம் செய்த மண். சேப்பல் அதற்கு நேர் எதிரில் நிற்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும்.

உள்ளே நுழைந்தால் கண்ணில் படுவது மேற்கூரை. 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் பாணியில் மெல்லிய சுண்ணச் சித்திர வேலை. 1879-இல் தீப்பிடித்தபோது அது சேதமானது. அதே வடிவத்தில் திரும்பச் செய்தார்கள். மாடத்தின் முகப்பு நெடுக ஒரே சின்னம் திரும்பத் திரும்ப வரும்: அலகில் ஒலிவக் கிளையோடு ஒரு புறா, அதைச் சுற்றித் தன் வாலைத் தொடரும் பாம்பு. சர்ப்பத்தின் விவேகமும் புறாவின் கபடின்மையும் வேண்டும் என்று இயேசு சொன்னதன் உருவம். வெஸ்லியே சொல்லிச் செய்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே "வெறும் கட்டுமானம்" என்று முழுக்கச் சொல்ல முடியாது. முதல் நாளிலிருந்தே அங்கே அலங்காரம் உண்டு.

இப்போது தூண் விஷயம். ஜாஸ்பர் தூண்களைக் கொடுத்தது யார்? வெளிநாடுகளில் இருந்த மெத்தடிஸ்ட் சபைகள். 1778-இல் இந்தச் சேப்பல் லண்டனில் ஒரு சங்கத்தின் வீடு. 1891-இல் உலகம் முழுக்கப் பரவிய ஒரு திருச்சபையின் தாய் வீடு. அந்தச் சபைகள் தங்கள் பங்கை அங்கே நிறுத்த ஆசைப்பட்டன. அதை எப்படிப் பகட்டு என்பீர்கள்? பாய்மரங்களையும் யாரும் விறகாக்கவில்லை. வாயிற்கூடத்தில் இன்றும் நிற்கின்றன.

மெஞ்ஞானபுரத்தான்:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் என்றாலே கோபுரம் முதலில் தெரிய வேண்டும். மைல்கணக்கில் தள்ளி நின்றாலும் எங்கள் ஊர்க் கோபுரம் தெரியும். வெஸ்லி சேப்பல் படங்களைத் தேடிப் பார்த்தேன், ஒரு கோபுரமும் இல்லை. மணிகூட இல்லையா? காசு போதவில்லையா, இல்லை வேறு காரணமா?

மட்டுநகர்_மெதடிஸ்த:

அண்ணா, காசு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

யோன் வெஸ்லி சாகும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவராகவே இருந்தவர். மெதடிஸ்த சங்கங்கள் அந்தத் திருச்சபைக்குள்ளே ஒரு எழுப்புதல் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். ஊருக்கு ஒரு பங்குக் கோயில் இருக்கிறது, அதற்குக் கோபுரமும் மணியும் இருக்கிறது. சங்கத்தார் அங்கே ஆராதனைக்குப் போகவேண்டும். பிரசங்கம் கேட்க, வேதம் படிக்க, ஒருவரை ஒருவர் விசாரிக்க இங்கே வரவேண்டும். விடியற்காலை 5 மணிப் பிரசங்கம் அவர்களுடைய வழக்கம். சிட்டி ரோட்டிலும் அதற்கென்று பக்கத்தில் ஒரு சிறு காலைச் சேப்பல் கட்டினார்கள். அப்படியான இடத்துக்கு மணிக்கூண்டு தேவைப்படவில்லை.

ஆனால் சிட்டி ரோட்டில் ஒரு மாற்றம் நடந்தது, அதைக் கவனிக்க வேண்டும். பிரசங்கத்தோடு திருவிருந்தும் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) நடக்கவேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள். கிழக்குச் சுவரில் ஒரு ஆழமில்லாத வளைவு, அதற்குள் திருவிருந்து மேசை. அதற்கு முன்னால், நட்டநடுவில், மூன்று தட்டுப் பிரசங்க பீடம். இப்போது அதன் மேல்தட்டு மட்டும், உயரம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய நிலையை நினைத்துப் பாருங்கள். வாசலில் நிற்பவனுக்கு முதலில் தெரிவது பீடம். மேசை அதற்குப் பின்னால். மாடத்தில் இருப்பவனின் கண் மட்டத்துக்குப் பிரசங்கியார் உயர்ந்து நிற்பார். கட்டடத்தின் மையம் குரல்.

எனக்கு இதுதான் அந்தக் கட்டடத்தின் முதுகெலும்பாகப் படுகிறது. தூணைவிடப் பீடத்தைக் குறைத்ததுதான் பெரிய மாற்றம். அதைப்பற்றி யாரும் வருத்தப்படுவதில்லை.

செங்கல்_சுண்ணாம்பு:

மேற்கோள்: "முதல் நாளிலிருந்தே அங்கே அலங்காரம் உண்டு."

உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் எளிமை என்பது வெஸ்லிக்கு ரசனை சார்ந்த விஷயம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் காலத்து மாநாட்டுத் தீர்மானங்களில் கட்டடம் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. பிரசங்க வீடுகள் எளிமையாகவும் கண்ணியமாகவும் இருக்கட்டும். தவிர்க்கவே முடியாத செலவுக்கு மேல் போகவேண்டாம் என்கிறது. ஏன் என்று அடுத்ததாகவே சொல்கிறது: இல்லாவிட்டால் பணம் திரட்ட வேண்டிய கட்டாயத்தில் பணக்காரர்கள் நமக்கு இன்றியமையாதவர்கள் ஆகிவிடுவார்கள், அப்புறம் நாம் அவர்களைச் சார்ந்திருப்போம், அவர்களால் ஆளப்படுவோம்.

கட்டடக் கலை பற்றி 18-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையான ஒன்றை நான் வாசித்ததில்லை. அழகு பற்றிப் பேச்சே இல்லை. கட்டடத்துக்கு ஆகும் செலவு, சபையை யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும் என்கிறது. ஒரு வளைவைக் கூடுதலாக வைத்தால் ஒரு தர்மகர்த்தா கூடுதலாக வருவார். நான் கட்டுமானத் துறையில் இருக்கிறவன். மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி கூடும்போது யாருடைய கை ஓங்குகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்த விதி என்னை விடமாட்டேன் என்கிறது.

அதே தீர்மானங்களில் மற்ற விவரங்களும் உண்டு. கூரையின் உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கதவும் சன்னலும் போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். சன்னல் சட்டங்கள் கீழ்நோக்கித் திறக்க வேண்டும். பெஞ்சுக்குச் சாய்மானம் வேண்டாம். ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. மனை இடம் கொடுத்தால் எண்கோண வடிவில் கட்டுங்கள், குரலுக்கு அது நல்லது.

தச்சுப்பட்டறை:

எண்கோணமா? பிறகு ஏன் சிட்டி ரோட்டில் செவ்வகம்?

செங்கல்_சுண்ணாம்பு:

நல்ல கேள்வி. எண்கோணத்தின் கதையைச் சொன்னால்தான் செவ்வகம் புரியும்.

1757-இல் வெஸ்லி நாரிச் நகரத்துக்குப் போனபோது அங்கே புதிதாகக் கட்டிய ஒரு கூட்ட வீட்டைப் பார்த்தார். மெத்தடிஸ்டுகளுடையது இல்லை. டாக்டர் டெய்லர் என்பவரின் சபைக்குத் தாமஸ் ஐவரி கட்டியது, எண்கோணம். கீழே 16 சன்னல், மேலே 16 சன்னல், குவிமாடத்தில் 8 கூரைச் சன்னல் என்று எண்ணி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவிலேயே இதைவிட நேர்த்தியான கூட்ட வீடு இருக்காது என்று பாராட்டிவிட்டு, உடனே ஒரு கேள்வி கேட்கிறார்: இவ்வளவு சுத்தமும் நேர்த்தியுமான இடத்துக்குள் பழைய, கரடுமுரடான சுவிசேஷம் நுழைய முடியுமா?

வடிவத்தை எடுத்துக்கொண்டார், பளபளப்பை விட்டுவிட்டார். அப்புறம் ராதர்ஹாம், யார்ம், ஹெப்டன்ஸ்டால் என்று வட இங்கிலாந்தில் எண்கோணச் சேப்பல்கள் எழும்பின. யார்ம், ஹெப்டன்ஸ்டால் இரண்டும் இன்றும் இருக்கின்றன. ஹெப்டன்ஸ்டால் மலைமேல் இருக்கிற நெசவாளர் ஊர். 1764-இல் அங்கே கட்டியபோது கூரையை ராதர்ஹாமில் செய்து, பிரித்து, பொதிக் குதிரைகள்மேல் ஏற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள் என்பது அந்த ஊர் வரலாறு.

எண்கோணத்தின் நன்மை தெளிவு. எந்தச் சுவரும் பீடத்துக்கு ரொம்ப தூரமில்லை. நீண்ட மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் குரல் தேய்ந்து போகும்; இங்கே எல்லாரும் ஏறக்குறைய ஒரே தொலைவில். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆனால் ஒரு குறை: சபை பெருகினால் நீட்ட முடியாது. ஹெப்டன்ஸ்டாலில் 1802-இல் நீட்டியே ஆகவேண்டும் என்று வந்தபோது, ஒரு பாதியைப் பெயர்த்துப் பக்கச் சுவர்களை நீளமாக்கினார்கள். இப்போது அது சமமில்லாத எண்கோணம். லண்டன் போன்ற இடத்தில், ஃபவுண்டரியைவிடப் பெரிய கூட்டத்துக்கு, அவ்வளவு அகலத்துக்கு எண்கோணக் கூரை போடுவது கடினம் என்பது என் கணிப்பு. செவ்வகம் வைத்து, மூன்று பக்க மாடத்தால் ஆட்களைப் பீடத்துக்கு அருகே கொண்டுவந்தார்கள். எண்கோணம் செய்ததை மாடம் செய்தது. அதனால்தான் மாடத்தைத் தாங்கும் தூண் மெலிசாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

தச்சுப்பட்டறை:

அப்படியென்றால் மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பாய்மரத்துக்கு எடுக்கிற மரம் சாதாரண உத்திர மரம் கிடையாது. கணு குறைவாக, ரேகை நேராக, முறுக்கு இல்லாமல் வளர்ந்த ஊசியிலை மரத்தைத்தான் எடுப்பார்கள். வெட்டிய மரம் வெடிக்காமல் இருக்கக் கப்பல் துறைகளில் தண்ணீருக்குள் போட்டு வைப்பது வழக்கம். பிரிட்டிஷ் கடற்படைக்கு அந்த மரம் பால்டிக் கரையிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தது. 1777 என்றால் அமெரிக்கப் போர் நடக்கிற நேரம், அந்தப் பக்கத்து வரத்து நின்றுபோயிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கடற்படைக் கிடங்கிலிருந்து பாய்மரம் வெளியே வருவது சின்ன விஷயம் இல்லை.

மாடத்துக்குக் கீழே அதற்கு வேலை சுலபம். கடலில் காற்று வளைக்கும், இங்கே நேராகக் கீழ்நோக்கிய பாரம் மட்டும். உள்ளே, ஈரம் படாத இடத்தில், அடிப்பாகம் மட்டும் காய்ந்திருந்தால் அந்த மரம் பல தலைமுறை நிற்கும். நாள்பட்ட மரத்தில் நான் முதலில் தட்டிப் பார்ப்பது அடியைத்தான். தரையிலிருந்து ஈரம் ஏறினால் அங்கேதான் மக்கும். அதற்கும் முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை; அடியை மட்டும் வெட்டி, கல் பீடத்தில் ஒட்டு வைக்கலாம். எங்கள் பக்கம் பழைய வீட்டுத் திண்ணைத் தூண்களுக்கு அப்படித்தான் செய்கிறோம். பலம் குறைந்தது என்று மரத்தை நீக்கினார்கள் என்று யாராவது சொன்னால், நான் சுலபமாக நம்பமாட்டேன்.

லண்டன்_கிழக்கு:

செங்கல்_சுண்ணாம்பு, நீங்கள் மேற்கோள் காட்டிய விதியை வைத்தே கேட்கிறேன். பணக்காரர்களைச் சாரக்கூடாது என்பதுதான் அடிப்படை என்றால், பாய்மரத்தைக் கொடுத்தது யார்? நாட்டின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர், மன்னர். ஜாஸ்பர் தூண்களைக் கொடுத்தது? சபைகள். அவற்றில் பல, ஏழைகளிடமிருந்து காணிக்கை சேர்த்து வளர்ந்த சபைகள். எது வெஸ்லியின் விதிக்கு நெருக்கம்?

செங்கல்_சுண்ணாம்பு:

இந்தக் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது. என் பதில்: கொடுத்தவர் யார் என்பதைவிட, கொடுத்ததால் அவருக்கு உள்ளே என்ன உரிமை கிடைத்தது என்பதுதான் அளவுகோல். மன்னர் மரம் கொடுத்தார், அத்தோடு சரி. எங்கே யார் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் துணிந்தவர்கள் சேப்பலின் சொந்த நிர்வாகக் குழுவினர். மட்டுநகர் நண்பருக்கு 1787 விஷயம் தெரிந்திருக்கும்.

மட்டுநகர்_மெதடிஸ்த:

தெரியும். மெதடிஸ்தரில் பலருக்கும் தெரியாத விஷயம், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

வெஸ்லி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்துக்கொண்டிருந்த நேரம் சிட்டி ரோடு சேப்பலின் குழு கூடி இரண்டு முடிவு எடுத்தது. ஒன்று, குடும்பங்கள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து உட்காரலாம். இரண்டு, பெஞ்சுக்குப் பணம் கட்டியவருக்கு அந்தப் பெஞ்சு சொந்தம். வெஸ்லிக்கு அப்போது 84 வயது. ஐம்பது வருடமாக நான் நிலைநாட்டிய ஒழுங்கை ஒரே அடியில் கவிழ்த்துவிட்டார்கள் என்று எழுதினார். 1787 டிசம்பரில் திரும்பவும் குழுவைச் சந்தித்தார். அமைதியாகவும் அன்பாகவும் பேசினோம் என்கிறார். முடிவு: ஆண்களும் பெண்களும் தனித்தனியாகவே இருப்பார்கள், எந்தப் பெஞ்சையும் யாரும் தன்னுடையது என்று உரிமை கோரக்கூடாது, இந்தச் சேப்பலிலும் சரி, லண்டனில் அவர்களுக்கு இருந்த இன்னொரு இடமான வெஸ்ட் ஸ்ட்ரீட் சேப்பலிலும் சரி.

முதலாவது விஷயத்தில் நான் குழுவின் பக்கம். மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பிரசங்கம் கேட்பதில் என்ன குற்றம்? இரண்டாவதில் முழுக்க வெஸ்லியின் பக்கம். திறந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கொடுத்தவர்கள் இடத்தைக் கேட்டுவிட்டார்கள். அந்த விதி வெறும் பயத்தில் எழுதப்பட்டதில்லை என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

அவர் காலம் போனபின் பெஞ்சு வாடகை மெதடிஸ்த சபைகளில் சாதாரணமாகிவிட்டது. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்தே அவருடைய வருமானத்தைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. கட்டடங்களும் மாறின. 1850-இல் ஜாப்சன் என்ற வெஸ்லியப் போதகர் சேப்பல்களைக் கோதிக் பாணியில் கட்டவேண்டும் என்று வாதாடி எழுதினார். கூட்ட வீடு மாதிரி இருக்கக்கூடாது, தேவாலயம் மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு கூர்வளைவுச் சன்னலும் கூம்புக் கோபுரமுமாக மெதடிஸ்த ஆலயங்கள் நிறைய எழும்பின. மெஞ்ஞானபுரத்து அண்ணா கேட்ட கோபுரம் அங்கே வந்து சேர்கிறது.

மெஞ்ஞானபுரத்தான்:

நன்றி. ஆனால் கோபுரத்துக்காக ஒரு வார்த்தை பேச அனுமதியுங்கள். வயலில் நிற்கிற பாட்டிக்கும், பஸ்ஸில் போகிற பையனுக்கும் ஒரே மாதிரி தெரிகிறது அது. உள்ளே வராதவனுக்கும் அதில் பங்கு உண்டு. பெஞ்சு வாடகை வாங்கியது தவறு, அதற்குக் கோபுரத்தைக் குற்றம் சொல்வது எனக்கு ஏற்கவில்லை. எளிமையாகக் கட்டிய இடத்திலும் முன்வரிசைக்குச் சண்டை நடக்கும், நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

லண்டன்_கிழக்கு:

மெஞ்ஞானபுரத்தான் சொன்னதை நானும் ஆதரிக்கிறேன். அதற்கு லண்டனிலேயே ஒரு சான்று உண்டு: வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு எதிரே நிற்கும் மெத்தடிஸ்ட் சென்ட்ரல் ஹால். 1912-இல் திறந்தது. லான்செஸ்டரும் ரிக்கார்ட்ஸும் வடிவமைத்தது. எளிமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாரோக் பாணி, பெரிய குவிமாடம், அரசு மாளிகை மாதிரியான படிக்கட்டு. ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டம் 1946 ஜனவரி 10-இல் நடந்தது அங்கேதான்.

அந்தக் கட்டடத்துக்குப் பணம் வந்த விதத்தைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் பெர்க்ஸ் முன்னின்று நடத்திய மில்லியன் கினி நிதி (கினி என்பது அக்கால ஆங்கிலப் பண அளவு). பத்து லட்சம் மெத்தடிஸ்டுகள், ஆளுக்கு ஒரு கினி. வசதியுள்ளவர் பெயரும் வேலைக்காரப் பெண் பெயரும் ஒரே பதிவேட்டில், ஒரே தொகைக்கு நேரே. அந்தப் பதிவேடு 50 தொகுதிகள், இன்றும் அங்கே இருக்கிறது. நிதி இந்த ஒரு மண்டபத்துக்கு மட்டும் திரட்டியதில்லை, வேறு பணிகளுக்கும் போனது. ஆனாலும் மண்டபத்தின் அடியில் இருப்பது அந்தப் பணம். பகட்டான கட்டடம், ஆனால் எந்தப் பணக்காரனுக்கும் அது கடன்படவில்லை. வெஸ்லி பயந்தது செலவைப் பார்த்தா, செலவு கொண்டுவரும் எஜமானர்களைப் பார்த்தா? எஜமானர்களைப் பார்த்து என்றால், சென்ட்ரல் ஹால் அவருடைய விதியைக் காப்பாற்றியிருக்கிறது.

செங்கல்_சுண்ணாம்பு:

சென்ட்ரல் ஹால் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அந்த நிதி திரட்டிய முறை எனக்கும் மதிப்புக்குரியது. ஆனால் அது புதுக் கட்டடம். தன் காலத்தில், தன் பாணியில் நின்றது. யாருடைய கட்டடத்தையும் அது மாற்றவில்லை. சிட்டி ரோட்டில் நடந்தது வேறு. ஏற்கெனவே தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குள் கை வைத்தார்கள்.

1879 தீக்குப் பிறகு மேற்கூரையை அதே வடிவத்தில் திரும்பச் செய்ததை நீங்களே சொன்னீர்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பொறுமை எங்கே போனது? கூரையை மதித்தவர்கள் தூணை மதிக்கவில்லை. கூரையில் இருந்தது அலங்காரம், அதன் மதிப்பு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. தூண் வெறும் மரம், அதன் மதிப்பு தெரியவில்லை. பழைய கட்டடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். சித்திர வேலை பிழைக்கும், எளிய பாகம் முதலில் போகும். எளிமையே பொருளாக இருக்கிற கட்டடத்தில் இப்படி நடந்தால் இழப்பு இரட்டிப்பு.

தச்சுப்பட்டறை:

அப்படியானால் இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கல்லை எடுத்துவிட்டு மறுபடி மரமா?

ஓடும்_செந்நீர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பழைய கட்டடப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறவள். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இரண்டு மெத்தடிஸ்ட் கட்டடங்கள், இரண்டு வழி. பிரிஸ்டலில் இருக்கிற நியூ ரூம் சிட்டி ரோட்டைவிடப் பழையது. 1739-இல் தொடங்கி 1748-இல் பெரிதாக்கியது. மெத்தடிஸ்ட் கட்டடங்களில் உலகிலேயே பழமையானது அதுதான். தரைத்தளம் பிரசங்கத்துக்கு, மேல்தளம் ஊர் சுற்றும் பிரசங்கிகள் தங்கும் அறைகள். நடுவில் எண்கோணக் கூண்டு ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு மேலேறி வெளிச்சத்தைக் கீழே இறக்குகிறது. மேல் அறையிலிருந்து சன்னல் வழியாகக் கீழே கூட்டத்தைப் பார்க்கலாம். அது 1808-இல் வேறு சபைக்கு விற்கப்பட்டது. 1929-இல் மெத்தடிஸ்டுகள் திரும்ப வாங்கி, ஜார்ஜ் ஓட்லி என்ற கட்டடக் கலைஞரைக்கொண்டு 1930-இல் வெஸ்லி காலத்து நிலைக்கு மீட்டார்கள். உள்ளே போனால் 18-ஆம் நூற்றாண்டு அப்படியே நிற்கிற மாதிரி இருக்கும்.

சிட்டி ரோட்டிலும் அப்படிச் செய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 1970-களில் கட்டடம் பலவீனமாகிப் பெரிய சீரமைப்பு நடந்தது. உலகம் முழுக்க நிதி சேர்த்தார்கள். சரியாக இருநூறாவது ஆண்டு, 1978 நவம்பர் 1-இல், எலிசபெத் ராணி முன்னிலையில் திரும்பத் திறந்தார்கள். அப்போது 1891-இன் தூண்களை எடுக்கவில்லை. அது சரியான முடிவு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காரணம் இரண்டு. ஒன்று, அந்தத் தூண்களுக்கும் இப்போது வரலாறு உண்டு. ஜாஸ்பர் தூண், சுவரில் இருக்கிற பளிங்கு நினைவுப் பலகைகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மார்கரெட் தாட்சர் 1993-இல் கொடுத்த திருவிருந்து மேசைக் கம்பித் தடுப்பு (அவருக்கு 1951-இல் அங்கேதான் திருமணம் நடந்தது) எல்லாம் சேர்ந்ததுதான் இன்றைய சேப்பல். 1778 மட்டும்தான் உண்மை என்று சொன்னால் இருநூறு வருட ஆராதனையை அழிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, நியூ ரூம் முதன்மையாக நினைவிடமாக மீட்கப்பட்டது. சிட்டி ரோட்டில் ஒவ்வொரு ஞாயிறும் சபை கூடுகிறது. உயிருள்ள சபையின் கட்டடத்தை ஒரு தேதியில் நிறுத்தக் கூடாது.

ஆனால் செங்கல்_சுண்ணாம்பு சொன்ன அடிப்படைக் கவலை நியாயமானது. எளிய பாகம்தான் முதலில் போகும். என் வேலையில் நான் திரும்பத் திரும்பச் சண்டை போடுவது அதற்காகத்தான். வெறும் செங்கல் தரை, தச்சன் செய்த சாதாரண பெஞ்சு, சுண்ணாம்பு அடித்த சுவர், இவற்றைக் காப்பாற்றச் சொன்னால் "இதில் என்ன இருக்கிறது" என்பார்கள். ஆவணப்படுத்தும்போது அலங்காரத்துக்குக் கொடுக்கிற பக்கங்களை அந்த எளிய பாகங்களுக்கும் கொடுக்க வேண்டும்.

மட்டுநகர்_மெதடிஸ்த:

அக்கா சொன்னதை அப்படியே எங்கள் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். 1814-இல் இலங்கைக்கு வந்த வெஸ்லிய மிஷனரிகள் கொழும்புப் புறக்கோட்டையில் 1816-இல் ஆலயம் திறந்தார்கள். ஆசியாவின் மிகப் பழைய மெதடிஸ்த ஆலயங்களில் அது ஒன்று. எங்கள் பழைய ஆலயங்கள் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் டைல்ஸ் போடலாமா, முகப்பைப் பெரிதாக்கலாமா என்றுதான் தொடங்குகிறது. பழைய பீடம் எங்கே இருந்தது, மாடம் இருந்ததா, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்க ஆட்கள் இருக்கும்போதே.

லண்டன்_கிழக்கு:

பழைய பெஞ்சு பற்றி ஒன்று சேர்க்கிறேன். சிட்டி ரோட்டுக்கு வருகிறவர்கள் பெரிய சேப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஃபவுண்டரி சேப்பல் என்று ஒரு சிறு கூடம் இருக்கிறது. அதற்குள் பழைய ஃபவுண்டரியிலிருந்து வந்த சாய்மானமில்லாத பெஞ்சுகள் உண்டு. சார்ல்ஸ் வெஸ்லியின் சிறிய ஆர்கனும் அங்கே இருக்கிறது. செங்கல்_சுண்ணாம்பு, நீங்கள் லண்டன் வந்தால் முதலில் அங்கே போங்கள். நிலவறையில் 1984-இல் திறந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. பின்பக்கம் வெஸ்லியின் கல்லறை. கூட்டம் சேர்ந்துவிடக் கூடாது என்று 1791 மார்ச் 9-ஆம் தேதி விடியுமுன்னே அவரை அங்கே அடக்கம் செய்தார்கள்.

செங்கல்_சுண்ணாம்பு:

கண்டிப்பாகப் போகிறேன். ஓடும்_செந்நீர் எழுதியதில் கல் தூண்களை இப்போது எடுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். 1891-இல் எடுத்த முடிவு தவறு என்ற கருத்தில் மாற்றமில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

தச்சுப்பட்டறை, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெப்டன்ஸ்டால் கூரை பற்றித் தனி இழை தொடங்கப் போகிறேன். எண்கோணக் கூரையின் கைமரங்களை ஓர் ஊரில் சேர்த்துப் பார்த்து, பிரித்து, அடையாளம் போட்டு, மலைமேல் மறுபடி பொருத்துவது எப்படி என்று உங்களைப் போன்றவர் விளக்கினால்தான் எங்களுக்குப் புரியும்.

தச்சுப்பட்டறை:

தொடங்குங்கள், வருகிறேன். உச்சியில் எட்டுக் கைமரமும் சேரும் இடத்தின் படம் ஒன்று கிடைத்தால் போடுங்கள். மூட்டு எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.